பறக்காத விமானத்தின் அருகில்: சிறு விமானக் களத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவை பீளமேட்டு விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, இறங்குகிற விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களும், ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைக் கண்டவர்களும் கொங்கு நாட்டில் ஏராளம். அவர்களில் சிலர் பின்னாளில் பயிற்சி மாணவராகவோ, பராமரிப்பு உதவியாளராகவோ, தெரிந்தவர் ஓட்டும் நான்கு இருக்கை விமானத்தில் பயணியாகவோ வேலியைத் தாண்டி உள்ளே வருகிறார்கள். அப்படி முதன்முறை உள்ளே வருகிறவருக்காகவே இதை எழுதுகிறேன். எப்படிப் பறப்பது என்பது இதில் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் அதன் அருகில் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டுமே இருக்கிறது.

இதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்கலாம். உலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, பறக்கும் நோக்கத்துடன் ஒருவர் விமானத்தில் ஏறியது முதல் அவ்வாறு ஏறிய அனைவரும் இறங்கி முடிக்கும் வரை நிகழ்வதையே விபத்துக் கணக்கில் சேர்க்கிறது. விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரிலிருந்து அதைத் தள்ளும்போது விரல் நசுங்கினாலோ, பராமரிப்பின்போது விமானத்தின் மூக்கிலுள்ள சுழல் விசிறியான ப்ரொப்பெல்லர் திடீரெனத் திரும்பி ஒருவரை அடித்தாலோ, யாரும் ஏறாத விமானத்தின் இறக்கை நுனி தூணில் மோதினாலோ அந்தக் கணக்கில் வராது. இந்தியாவில் 2012 முதல் இயங்கும் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் அறிக்கைகளைப் படித்து எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். ஹேங்கர் வாசலில் நடந்தவற்றை மட்டும் அங்கே வேலை பார்த்தவர்களின் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1. கிளம்பும் முன்

விமான நிலையத்துக்குள் இருக்கும் ஹேங்கர் என்றால் நுழைவு அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். உங்களை அழைத்தவர் அவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவருக்கும், தோட்டத்தில் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் அருகில் வளர்ந்தவருக்கும் தொங்கும் துணி என்ன செய்யும் என்பது தெரியும். துண்டு, துப்பட்டா, தளர்ந்த வேட்டி, கழுத்தில் ஆடும் அட்டை நாடா ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, காலை முழுவதும் மூடும் காலணியுடன் வாருங்கள். தொப்பியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வெயிலுக்குத் தொப்பி நல்லதுதான். ஆனால் அது காற்றில் பறந்தால், பிடிக்க ஓடுகிற மனிதன் எதை நோக்கி ஓடுகிறோம் என்று பார்ப்பதில்லை. ஹேங்கரைத் தாண்டும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.

2. ப்ரொப்பெல்லர்

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமான வகையின் பிந்தைய வடிவமொன்றில் ப்ரொப்பெல்லரின் விட்டம் 76 அங்குலம், அதாவது ஏறத்தாழ 193 சென்டிமீட்டர். தரைக்கு மேலே ஒரு சாணைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் தொடங்கி, நெட்டையான ஆளின் தலைக்கும் மேல் வரை அது வட்டமிடுகிறது. எஞ்சின் மிக மெதுவாக, நிமிடத்துக்கு 700 சுற்றுகளில் ஓடும்போதே அதன் நுனி மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு மங்கலான புகைத்திரை மட்டுமே. வெளிச்சத்தின் கோணம் மாறினால் அதுவும் தெரிவதில்லை.

சுழலும் ப்ரொப்பெல்லரைக் கண்டு எவரும் அஞ்சுவார்கள். நின்றிருப்பதைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்வதே கடினம். சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ. அதற்குப் பேட்டரி தேவையில்லை, சுழன்றாலே மின்சாரம் பிறக்கும். பழைய டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்த வண்டியில் சாவியைத் திருப்பி அணைப்பது மின்சாரத்தை நிறுத்துவதன்று. மேக்னெட்டோவின் மின்சாரத்தை வண்டியின் உடலுக்குத் திருப்பிவிடுவது. அந்த ஒயர் அறுந்துவிட்டால் சாவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நிற்காது. விமானத்திலும் அமைப்பு இதுவே. சுவிட்சு அணைந்த நிலையில் இருக்கும், சாவி விமானியின் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் எங்கோ ஓர் ஒயர் இற்றுப்போயிருந்தால் மேக்னெட்டோ உயிருடன்தான் இருக்கிறது. சிலிண்டரில் சிறிது எரிபொருள் ஆவி எஞ்சியிருக்கும்போது ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும், அது ஒருமுறை வெடித்துச் சுழலும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆகவே ப்ரொப்பெல்லரின் வீச்சுக்குள் தலை, கை, கால் எதையும் வைக்க வேண்டாம். விமானத்தை நகர்த்த அதைப் பிடித்துத் தள்ளுவது, அதன் மேல் சாய்வது, அதைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பது ஆகிய மூன்றும் கூடாது. மூன்றாவதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க இடம் தேடி அலைகிற இந்தக் காலத்தில், ப்ரொப்பெல்லரின் மேல் ஒரு கையை வைத்துச் சிரிப்பது என்னவோ அழகான படமாகத் தோன்றிவிட்டது. இறக்கையின் பின்புறத்தில் நின்றாலும் விமானம் படத்தில் நன்றாகவே விழும்.

விமானத்தை நெருங்குவதும் விலகுவதும் எப்போதும் பின்புறமாகவே இருக்கட்டும். கதவுக்குப் போக வேண்டியிருந்தால் இறக்கையின் பின் விளிம்பை ஒட்டி வாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறுவதையும் இறங்குவதையும் விமானியே சொன்னாலும் மறுக்கலாம். குழந்தைகளுடன் வந்தால் ஒவ்வொரு குழந்தையின் கையையும் ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் அப்பாவை நோக்கி ஓடிவரும் பிள்ளை நேராக ஓடிவரும், இறக்கையைச் சுற்றி வராது.

நல்ல விமானி எஞ்சினை நிறுத்தும்போது முதலில் எரிபொருள் கலவையை அடைத்து, சிலிண்டர்கள் காய்ந்து எஞ்சின் தானாக நிற்கும்படி விடுவார். அதன் பிறகே மேக்னெட்டோவை அணைத்து, சாவியை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி வைப்பார். சாவி அங்கே தெரிகிறதா என்று பார்ப்பது உங்கள் பழக்கமாகட்டும். தெரிந்தாலும் ப்ரொப்பெல்லரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள்.

3. ஹேங்கரிலிருந்து வெளியே எடுத்தல்

நான்கு பேர் அமரும் இவ்வகை விமானத்தின் வெற்று எடை ஏறத்தாழ ஒரு சிறிய காரின் எடைதான். இரண்டு பேர் தள்ளினால் நகரும். அதனாலேயே புதியவர்கள் கைக்குக் கிடைத்த இடத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். வால் இறக்கையின் நுனி, அசையும் மடல்கள், ப்ரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு ஆகியவற்றைத் தொடக்கூடாது. எங்கே கை வைக்கலாம் என்று அந்த விமானத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். இறக்கைக்கு முட்டுக்கொடுக்கும் கம்பி இருந்தால், பெரும்பாலும் அது இறக்கையோடு சேரும் இடத்தையே காட்டுவார். முன்சக்கரத்தைத் திருப்ப டோ பார் என்ற இழுப்புக் கம்பி உண்டு. முன்சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் திருப்பினால் உள்ளே இருக்கும் தடுப்பு உடைந்துவிடும்.

டோ பாரைப் பற்றி ஒரு விதி: கை கம்பியில் இருக்க வேண்டும், அல்லது கம்பி சக்கரத்திலிருந்து கழன்றிருக்க வேண்டும், மூன்றாவது நிலை கிடையாது. இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. உதவியாளனாகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு சிறு களத்தில் விமானத்தை வெளியே இழுத்து நிறுத்திவிட்டுக் கம்பியைக் கழற்றாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் விமானி ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பத் தயாராகிவிட்டார். மூத்த மெக்கானிக் ஒருவர் பக்கவாட்டில் வெகு தூரம் தள்ளி நின்று, தலைக்கு மேல் இரு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். விமானி கையை எடுத்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. விமானி கீழே இறங்கி வந்து நின்ற பிறகே இறக்கினார். என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கம்பிய எடுங்க தம்பி." எஞ்சின் ஓடியிருந்தால் ப்ரொப்பெல்லர் அந்த இரும்புக் கம்பியை அடித்து எந்தப் பக்கம் வீசியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. சுவரில் அந்தக் கம்பிக்கென்று ஓர் ஆணியடித்து, ஆணியில் கம்பி இருந்தால்தான் எஞ்சின் கிளம்பலாம் என்று நாங்கள் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இறக்கையின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். வாசலில் ஒவ்வொரு நுனிக்கும் ஓர் ஆள் நடந்து வர வேண்டும். அவர்களில் யார் "நிறுத்து" என்றாலும் தள்ளுபவர்கள் உடனே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பது நின்ற பிறகு.

4. எரிபொருள்

விமானத்தில் ஏறும் பயணிக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. உதவியாளராக வருபவர் நின்று படிக்கவும். சிறு விமானங்களில் இரண்டு வகை எரிபொருள் புழங்குகிறது. பெரும்பாலான பிஸ்டன் எஞ்சின்களுக்கு நீல நிறம் கலந்த 100எல்எல் என்ற அவ்கேஸ். டர்பைன் எஞ்சின்களுக்கும், டைமண்ட் நிறுவனத்தின் சில விமானங்களில் உள்ள டீசல் வகை எஞ்சின்களுக்கும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஏடிஎஃப். அவ்கேஸ் கேட்கும் எஞ்சினில் ஏடிஎஃப் ஊற்றிவிட்டால், குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் கிளம்பும், ஊர்ந்து செல்லும், சில நேரம் மேலெழும்பவும் செய்யும்; அதன் பிறகு சிலிண்டருக்குள் முறையற்ற வெடிப்பு ஏற்பட்டு எஞ்சின் நின்றுபோகும். தவறு நடப்பது தரையில், அதன் விலை கொடுக்கப்படுவது வானில். இரண்டும் கலந்துவிட்ட பிறகும் நீலம் முழுவதும் மறைந்துவிடாது என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அவ்கேஸ் சுவடின்றிக் காய்ந்துவிடும்; ஏடிஎஃப் எண்ணெய்ப் பலகாரம் பொட்டலம் கட்டிய தாள்போல ஒரு வளையத்தை விட்டுவைக்கும். அதற்கும் முன்பாக, தொட்டி மூடியின் அருகில் எழுதியிருப்பதையும் எரிபொருள் வண்டியில் எழுதியிருப்பதையும் உரக்கப் படித்து ஒப்பிடுங்கள்.

ஊற்றும் முன் விமானத்தையும் எரிபொருள் வண்டியையும் இணைப்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். இது நிலைமின்சாரப் பொறி எழாமல் இருப்பதற்காக. மூடியைத் திறக்கும் முன்பே கம்பியை மாட்டி, மூடியை மூடிய பிறகே கழற்ற வேண்டும். வறண்ட காற்று வீசும் நாளில் பிளாஸ்டிக் கேனிலும் பிளாஸ்டிக் புனலிலும் ஊற்றுவது பொறியை வலியக் கூப்பிடுவதாகும். அவ்கேஸ் எந்த வெயிலிலும், எந்தக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கும். ஏடிஎஃபின் தீப்பற்றுநிலை குறைந்தது 38 டிகிரி என்பதால் அது பாதுகாப்பானது என்பார்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலை நினைத்துப் பார்த்தால் அந்த 38 பெரிய எண்ணாகத் தோன்றாது. இன்னொன்று, இருசக்கர வண்டிப் பட்டறைகளில் பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்; அவ்கேஸில் ஈயச் சேர்மம் இருக்கிறது, அது தோல் வழியாக உடலுக்குள் போகும்.

இரவு மழைக்குப் பிறகு தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் சிறிது எடுத்துப் பார்ப்பது வழக்கம். தண்ணீர் கனமானது என்பதால் நீலத்துக்குக் கீழே தெளிந்த முத்தாகத் திரண்டு நிற்கும். புதியவர்கள் தவறுவது வேறோர் இடத்தில்: குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு எதுவும் தெரியாது, பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். நீலம் இருக்கிறதா, வாசனை இருக்கிறதா என்று பாருங்கள்.

5. குளவியும் மைனாவும்

காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும் பிடோ குழாயின் வாய் குளவிக்கு ஏற்ற அளவில் அமைந்திருக்கிறது. அதன் உறையை மாட்டாமல் விட்ட சில நாட்களிலேயே மண் வைத்து அடைத்துவிடும். எஞ்சின் மூடிக்குள் மைனா கூடு கட்டினால், அந்தக் காய்ந்த புல் எஞ்சின் சூட்டில் பற்றிக்கொள்ளும். சிவப்புத் துணி தொங்கும் உறைகளை மாட்டுவதும், கிளம்பும் முன் அவற்றை எண்ணி எடுப்பதும் உதவியாளரின் பொறுப்பு. குழாயை நீங்களாக ஊதியோ குச்சியால் குத்தியோ சுத்தம் செய்ய வேண்டாம். உரிமம் பெற்ற பொறியாளரிடம் சொல்லுங்கள்.

6. எஞ்சின் கிளம்பும்போது

விமானத்தின் வால் எதை நோக்கி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சரளை மண்ணும் தூசியும் கிடக்கும் இடத்தில் ப்ரொப்பெல்லர் எழுப்பும் காற்று, பின்னால் நிற்கும் இருசக்கர வண்டிகளின் மேலும் மனிதர்களின் கண்களிலும் மண்ணை வாரி இறைக்கும். முன்னால் கிடக்கும் கல்லை ப்ரொப்பெல்லரே இழுத்துத் தன் விளிம்பைச் சிதைத்துக்கொள்ளும். விமானத்தின் மேலுள்ள சுழல்விளக்கு எரிந்தால் எஞ்சின் கிளம்பப்போகிறது என்று பொருள். விமானி "கிளியர் ப்ராப்" என்று கூவிவிட்டு இரு பக்கமும் பார்ப்பார். அப்போது நீங்கள் அவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். எரிபொருள் அதிகமாகச் சென்று எஞ்சின் வாயில் தீ தெரிந்தால், விமானி ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றித் தீயை உள்ளே இழுக்கப் பார்ப்பார். ஆகவே தீயணைப்பானுடன் முன்புறமாக ஓடாதீர்கள். ப்ரொப்பெல்லர் அப்போதும் சுழன்றுகொண்டிருக்கும்.

7. ஊர்ந்து செல்லுதல்

பயிற்சி மாணவருக்கான பகுதி இது. ஆள் விரைந்து நடக்கும் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஆசிரியர் சொல்வார். கொங்கு நாட்டில் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் மாதங்களில், பல்லடம் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் நம் விமானத்தின் இறக்கைக்கு அடியிலும் புகுகிறது. கோவை, சேலம் இரண்டின் ஓடுபாதைகளும் தென்மேற்கு, வடகிழக்காகவே அமைந்திருப்பதால் புறப்படும்போது காற்று பெரும்பாலும் எதிரே இருக்கும்; ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் அது பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்து அடிக்கும். முன்பக்கச் சாய்வில் காற்று வந்தால், காரின் ஸ்டீயரிங் போல விமானி பிடித்திருக்கும் கைப்பிடியைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிவைக்க வேண்டும். பின்பக்கச் சாய்வில் வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி முன்னால் தள்ளிவைக்க வேண்டும். முன்சக்கரம் உள்ள விமானங்களுக்கான முறை இது. கதவைத் திறக்கும்போதும் கையை விடாதீர்கள். ஒரே வீச்சில் கீல் வளைந்துவிடும்.

பெரிய விமான நிலையத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று, கடும் மூடுபனியில், ஒரு சிறிய தனியார் செஸ்னா ஜெட் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட பாதையை விட்டு வேறு பாதையில் திரும்பி ஓடுபாதைக்குள் நுழைந்தது. அதே நேரத்தில் மேலெழும்பிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் அதில் மோதியது. 118 பேர் இறந்தார்கள். தரையைக் கண்காணிக்கும் ரேடார் அன்று இயங்கவில்லை, பாதைகளின் குறியீடுகளும் தெளிவாக இல்லை. சிறு விமானத்தில் இருப்பவர் தன்னை அங்கே விருந்தாளியாக நினைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத் தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிறார். இடம் புரியவில்லை என்றால் நின்றுவிடுங்கள், நின்றபடி கேளுங்கள். ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சளில் இரண்டு முழுக்கோடுகளும் இரண்டு விட்டுவிட்டு வரும் கோடுகளும் சேர்ந்து இருக்கும்; உங்கள் பக்கம் முழுக்கோடு இருந்தால் கோபுரத்திடம் அனுமதி வாங்கி, அதை அவர்களிடமே திருப்பிச் சொல்லாமல் சக்கரம் அதைத் தொடக்கூடாது.

8. கட்டி நிறுத்துதல்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அம்மி பறக்கிறதோ இல்லையோ, பறப்பதற்கென்றே செய்த பொருள் பறக்கப் பார்க்கும். சித்திரை, வைகாசியில் மாலையில் திடீரென இறங்கும் கோடை மழைக்காற்று இன்னும் மோசமானது, ஏனெனில் அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டு இறக்கைகளிலும் வாலிலுமாக மூன்று இடங்களில் கட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிடிக்குப் பூட்டுக் கம்பி மாட்ட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். இந்த வேலைக்குத் தேங்காய்நார்க் கயிறு உதவாது. இயற்கை நார்க் கயிறுகள் மழையில் மக்கும், சில நனைந்தால் சுருங்கி இறக்கையையே இழுக்கும். நைலான் கயிறு வாங்குங்கள். அதையும் வீணைத் தந்திபோல் முறுக்கிக் கட்டாமல், ஓரங்குலம் தொய்வு விட்டுக் கட்டுங்கள்.

9. ஏதாவது நடந்துவிட்டால்

ஆளுக்கு அடிபட்டிருந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு 108-ஐ அழையுங்கள். விமான நிலையத்துக்குள் என்றால் அங்குள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள். கூடுகிறவர்களை ப்ரொப்பெல்லர் பக்கம் வரவிடாமல் ஒருவர் நின்று தடுக்க வேண்டும். காப்பாற்றுவதற்குத் தேவையானால் தவிர விமானத்தை நகர்த்த வேண்டாம்.

ஆளுக்கு ஒன்றுமில்லை, விமானத்தில் மட்டும் ஒரு கீறல் என்றால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அதை மறைத்துவிடலாம் என்று தோன்றும். லைகமிங் எஞ்சின் நிறுவனத்தின் 533-ஆம் எண் அறிவிப்பு, ப்ரொப்பெல்லர் எதன் மீதாவது மோதியதைப் பற்றிப் பேசும்போது எஞ்சின் ஓடாத நிலையில் பட்ட அடியையும் சேர்த்தே பேசுகிறது. பிளேடை வெறுமனே பட்டைதீட்டுவதற்கு மேல் பழுதுபார்க்க வேண்டியிருந்தால் எஞ்சினுக்குள்ளும் பார்த்தாக வேண்டும். வெளியே ஒரு பள்ளம்தான் தெரியும். உள்ளே கிராங்க் தண்டில் விரிசல் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர், நீங்களோ விமானியோ இல்லை.

நான் வேலை பார்த்த இன்னோர் இடத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஏணியை நகர்த்தும்போது அதன் முனை ப்ரொப்பெல்லரில் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. காலை ஏழு மணிக்கு உரிமையாளர் குடும்பத்துடன் கிளம்பத் தயாராக நின்றபோது, அவனே முன்வந்து, "ஐயா, நேத்து ஏணி இடிச்சுருச்சுங்க, இந்த இடத்துல" என்று விரலால் காட்டினான். அன்று விமானம் வெளியே வரவில்லை. பொறியாளர் வந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, பிளேடைத் தீட்டிக் கையெழுத்திட்டு விமானத்தை விடுவிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. உரிமையாளர் குடும்பத்தைக் காரில் அனுப்பிவிட்டு வந்து, அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அந்த வேலையை முழுவதும் பார்த்தார்.